வாசலில் கட்டிய கரும்பு

கசானே, போட்ஸ்வானா
5 ஜனவரி 2025

மாமா,

கோபம் அப்படியே இருக்கிறதா, கொஞ்சமாவது இறங்கியதா என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். நேற்று நீங்கள் பட்டென்று போனை வைத்தீர்கள். போன வாரம் நான் வைத்தேன். சரிக்குச் சரி. இனிமேல் போன் பிள்ளைகளுக்கு மட்டும் இருக்கட்டும், நாம் எழுதிக்கொள்வோம். தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எழுத்தில் ஒரு வசதி, நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே வர முடியாது.

விக்கி சொன்னது உண்மைதான். பபூன் குரங்கு சமையலறைக்குள் வந்தது. ஆனால் அவன் உங்களிடம் அளந்த மாதிரி அது ஃப்ரிட்ஜைத் திறந்துவைத்து உட்கார்ந்து விருந்து சாப்பிடவில்லை. ஐந்து வயசுப் பையன் சொன்னதை வைத்துக்கொண்டா அங்கிருந்து தீர்ப்புச் சொல்வீர்கள்? இட்லிக்கு மாவு அரைத்துப் புளிக்க வைத்திருந்தேன். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். அது உள்ளே வந்து பாத்திரத்துக்குள் தலையை விட்டு, முகமெல்லாம் மாவோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தது. நான் கத்தினேன். அதுவும் கத்தியது. பெரியவள் ரஞ்சனி மட்டும் கத்தவில்லை. துடைப்பத்தை எடுத்துத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தாள், அது போய்விட்டது. அன்றைக்கு எங்களுக்கு இட்லி இல்லை, அவ்வளவுதான் சேதம்.

பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை என்று வந்தபோதே காட்டை ஒட்டின ஊர் என்று தெரியும். தெரிந்துதான் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் சரி என்றீர்கள். இங்கே தெருவில் நம் ஊர் ஆடு மாதிரி ஒரு வகைப் பன்றி திரியும். முகமெல்லாம் மரு, வாயோரம் இரண்டு கொம்பு. முன்னங்காலை மண்டியிட்டுத்தான் புல் மேயும். முதல் தடவை பார்த்துவிட்டு விக்கி, "அம்மா, பன்னி சாமி கும்புடுது" என்றான். ஒரு வருஷம் ஆயிற்று, அவற்றால் எங்களுக்கு ஒரு கீறல் இல்லை.

"ஜூன்ல வந்து புள்ளைங்கள கூட்டிக்கிட்டுப் போயிடறேன், நீ மட்டும் இருந்து உன் மூணு வருஷத்த முடிச்சுட்டு வா" என்றீர்களே, அது கோபத்தில் வந்ததா, யோசித்து வந்ததா? பிள்ளைகள் இல்லாமல் இந்த வீட்டில் நான் என்ன செய்வேன் மாமா? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சித்ரா


உடையார்பாளையம்
11 ஜனவரி 2025

சித்ரா,

யோசித்துத்தான் சொன்னேன்.

உன் மாதிரி கதை எழுத எனக்கு வராது. நேற்று அரியலூர் போயிருந்தேன். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் ஒருத்தர் கேட்கிறார், "என்ன கலைவாணன், ஒம் பொண்டாட்டி புள்ளைங்க யானை, கொரங்கு கூட குடும்பம் நடத்துறாங்களாமே?" நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன். வண்டியை எடுத்த பிறகு சிரிப்பு வரவில்லை. சிமெண்ட் லாரிக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

இங்கே மட்டும் மிருகம் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. மயில் கூட்டமாக வந்து கடலைக் கொல்லையைக் கிளறிவிட்டுப் போகிறது. பெரம்பலூரில் தங்கச்சி கீதாஞ்சலி வீட்டு மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி பாதி தின்றுவிட்டது. ஆனால் மயில் யாரையும் மிதித்துக் கொன்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

யானை ரோட்டில் போகும், வீட்டு வாசலுக்கு வராது என்று நீ சொன்ன வார்த்தையை நம்பித்தான் பிள்ளைகளை அனுப்பினேன். அந்த வார்த்தை நிற்கிற வரைக்கும் ஜூன் பற்றி மறுபடி யோசிக்கலாம். வாசலுக்கு வந்ததென்று தெரிந்தால் பேச்சே கிடையாது.

பொங்கல் வருகிறது. போன வருஷம் குக்கரில் வைத்து முடித்துவிட்டாய் என்று ரஞ்சனி சொன்னாள். இந்த வருஷம் வெளியில் அடுப்பு வைத்து ஒழுங்காகச் செய். எங்கே தேடியாவது இரண்டு கரும்பு வாங்கி வாசலில் கட்டு. எந்த ஊரில் இருந்தால் என்ன, பிள்ளைகளுக்கு நம் பொங்கல் தெரிய வேண்டும்.

கலைவாணன்


கசானே
19 ஜனவரி 2025

மாமா,

பொங்கல் நன்றாக நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை கிடையாது, அதனால் விடியும்போதே முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். கிழக்குப் பக்கம் பொங்கியது. விக்கி "பொங்கலோ பொங்கல்" என்று போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நலேதி அம்மா ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். இன்னும் நெய் விடலாம் என்றார்.

கரும்பும் கிடைத்தது. ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் ஜாம்பியாவிலிருந்து கொண்டுவந்து விற்கிறார்கள். நம் ஊர்க் கரும்பு மாதிரி கறுப்பு இல்லை, ஆனால் இனிப்பு. நீங்கள் சொன்னபடி கேட்டின் இரண்டு பக்கமும் தோகையோடு கட்டினேன். ரஞ்சனி கோலம் போட்டாள்.

கேட் கொஞ்சம் வளைந்திருக்கிறது. ஆள் வந்து சரிசெய்வார். இங்கே இப்போது காற்றும் மழையும் அதிகம்.

மாடுகளுக்குக் கொம்பில் வர்ணம் அடித்தீர்களா? படம் எடுத்து அனுப்பினால் விக்கி கேட்டுக்கொண்டே இருப்பது நிற்கும். வேறொன்றும் விசேஷமில்லை.

சித்ரா


உடையார்பாளையம்
2 பிப்ரவரி 2025

சித்ரா,

கேட்டை வளைத்த காற்றுக்குத் தும்பிக்கை இருந்ததாமே.

ரஞ்சனி அத்தையிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். கீதாஞ்சலி நேற்று பஸ் ஏறி வந்து என்னிடம் சொல்கிறாள், "அண்ணே, யானை கேட்டத் தள்ளிட்டு உள்ள வந்து நின்னுச்சாம், அண்ணி சன்னல் வழியா பாத்துக்கிட்டு நின்னாங்களாம்." நான் வெற்றிலைச் செல்லத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டின புருஷனுக்குத் தெரியாத விஷயம் பெரம்பலூர் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

காற்று, மழை என்று எழுதியிருக்கிறாய். கை கூசவில்லையா உனக்கு?

ஜெயங்கொண்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேசிவிட்டேன். ரஞ்சனிக்கு ஆறாம் வகுப்பு, விக்கிக்கு ஒன்றாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் இடம் தருகிறார்கள். நம் முந்திரிக் காட்டு வேலை முடிந்ததும் நானே வந்து அழைத்துவருகிறேன். இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

கலைவாணன்


கசானே
9 பிப்ரவரி 2025

மாமா,

மறைத்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். யானைக்குப் பயந்து மறைக்கவில்லை, உங்களுக்குப் பயந்து மறைத்தேன்.

நடந்ததை இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். பொங்கலை இறக்கிவைத்து, படைத்து, நாங்கள் உள்ளே வந்து இலை போட்டுக்கொண்டிருந்தோம். வெளியில் மடக் மடக்கென்று சத்தம். நலேதி அம்மாதான் ஏதோ உடைக்கிறார் என்று நினைத்தேன். சன்னல் வழியாகப் பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கொம்பன். இடது பக்கக் கரும்பைத் தின்று முடித்துவிட்டு வலது பக்கத்துக்குப் போகிறது. அவசரமே இல்லை அதற்கு. தோகையைக் காலில் வைத்து மிதித்து, தண்டை மட்டும் பிரித்து எடுத்து வாயில் போடுகிறது. கேட்டில் கட்டின கயிறு அறுந்துவரவில்லை, அதனால் கேட்டையும் சேர்த்து இழுத்தது. பிறகு உள்ளே இரண்டு எட்டு வைத்து, ரஞ்சனி போட்ட கோலத்தின் மேல் நின்று, பொங்கல் பானையை மோந்து பார்த்தது. சூடு. தும்பிக்கையை உதறிக்கொண்டு திரும்பிப் போய்விட்டது. நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தோம், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் நலேதி அம்மா வந்து என்னைக் கேட்ட கேள்வி இருக்கிறதே! "இந்த ஊரில் ஆரஞ்சுப் பழத்தைக்கூட வண்டிக்குள் வைக்க மாட்டோம், நீ கரும்பை வாங்கிவந்து கேட்டில் கட்டி அழைத்திருக்கிறாயே, உன் சொந்தக்காரனா அது?" எங்கள் வீட்டுக்காரர் ஆர்டர் என்றேன்.

ஆமாம் மாமா. ஒரு வருஷமாக வராத யானை உங்கள் பேச்சைக் கேட்டதால் வந்தது. வாசலில் கரும்பு கட்டச் சொன்னது யார்? நானும் யோசிக்காமல் கட்டினேன், அது என் முட்டாள்தனம். ஆனால் தண்டனை மட்டும் எனக்கா? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் யாருக்கு இட்லி ஊற்றுவேன், யாரைக் குளிக்கவைப்பேன், யாரோடு சண்டை போடுவேன்? உங்களோடு கடிதத்தில் போடுகிற சண்டை எனக்குப் போதவில்லை.

சித்ரா


உடையார்பாளையம்
16 மார்ச் 2025

சித்ரா,

தாமதத்துக்குக் காரணம் முந்திரி. பழம் விழ ஆரம்பித்துவிட்டது. பொறுக்க ஆள் கிடைப்பதில்லை.

கரும்பு கட்டச் சொன்னவன் நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஊரைப் பார்த்துக் கட்ட வேண்டாமா என்று கேட்க நினைத்தேன். நீங்கள் சொல்லியிருந்தால் நானும் கட்டித்தான் இருப்பேன் என்று நம் வேலையாள் அமாவாசை சொன்னான். அவனுக்கு இந்த வருஷம் என் காட்டு வேலையைவிட வாய் வேலை அதிகம்.

எழுத்து கோணலாக இருந்தால் பேனா சரியில்லை என்று வைத்துக்கொள். பிள்ளைகளோடு வீடியோவில் பேச முடியவில்லை, போனில் அந்தக் கேமரா வேலை செய்யவில்லை. சும்மா பேசச் சொல்.

ஜூன் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை.

கலைவாணன்


கசானே
23 மார்ச் 2025

மாமா,

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மூஞ்சிக்குத்தான் ஆகியிருக்கிறது.

உங்கள் தங்கை படம் அனுப்பினாள். இரண்டு கண்ணும் தெரியவில்லை, உதடு வாழைப்பழம் மாதிரி வீங்கி, கை கட்டை மாதிரி. யாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். கழுத்திலிருந்த கயிற்றைப் பார்த்துத்தான் நீங்கள் என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் அறையில் வைத்து அழுதுவிட்டேன். அவர்களுக்கு என்னவென்று சொல்வது? கதண்டு என்றால் இங்கே யாருக்குத் தெரியும்? குளவி என்றேன். ஒரு குளவிக்கா இந்த அழுகை என்று பார்த்தார்கள். ஆளையே கொல்லுகிற குளவி அது என்று அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது!

காட்டோரப் பனைமரத்தில் கதண்டு கூடு கட்டியிருக்கிறதென்றால் தீயணைப்புக்காரர்களுக்குச் சொன்னால் வந்து கொளுத்திவிட்டுப் போவார்கள். ஊரில் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் மட்டும் தீப்பந்தத்தைக் கட்டிக்கொண்டு நீங்களே போனீர்களாம். "ஒரு போன் போட்டா வந்துடுவாங்கண்ணே" என்று அமாவாசை கெஞ்சினானாம். "எங் காட்டுக் கதண்டுக்கு எவன் வரணும்" என்றீர்களாம். அவன் வண்டியில் வைத்து ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

பேனா சரியில்லையாம்!

எங்கள் வாசலுக்கு வந்த யானை ஒரு கேட்டை வளைத்துவிட்டுப் போனது. உங்களை நான் யாரிடம் அனுப்பி யாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது? பிள்ளைகளை அங்கே அழைத்தால் பத்திரமாக இருப்பார்கள் என்கிறீர்கள். முதலில் நீங்கள் பத்திரமாக இருங்கள். சத்தியமாகக் கேட்கிறேன் மாமா, இனி எதையும் மறைக்காதீர்கள். நானும் மறைக்க மாட்டேன்.

சித்ரா


உடையார்பாளையம்
30 மார்ச் 2025

சித்ரா,

வீக்கம் வடிந்துவிட்டது. கண் நன்றாகத் தெரிகிறது. நேற்று வீடியோவில் விக்கி என்னை உற்றுப் பார்த்துவிட்டு "அப்பா பழைய அப்பாவாயிட்டாரு" என்றான். நீயும் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாய். பார்த்தேன்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். கொட்டும்போது வலி தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்த பிறகு, மூச்சு இழுத்துக்கொண்டு வந்தபோது, பிள்ளைகளைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று பட்டது. அதுதான் வலித்தது. அதனால்தான் சொல்கிறேன், என்னால் முடியவில்லை சித்ரா. ஊர் சிரிக்கிறது, யானை வருகிறது என்பதெல்லாம் இரண்டாவது. காலையில் எழுந்தால் இந்த வீட்டில் மாடு கத்துகிற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. பிள்ளைகள் என் கண் முன்னால் இருந்தால் நான் பார்த்துக்கொள்வேன். அப்பன் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். வருவதற்கு ஒன்று, திரும்புவதற்கு மூன்று. உனக்கு வருத்தம் என்று தெரியும். திட்டுவதென்றால் நேரில் திட்டிக்கொள். மே கடைசியில் வருகிறேன். கருவாடு, அப்பளம், முந்திரி கொண்டுவருகிறேன். வேறு என்ன வேண்டும் என்று எழுது.

கலைவாணன்


உடையார்பாளையம்
22 ஜூன் 2025

சித்ரா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அரியலூரில் ரயிலை விட்டு இறங்கினால் அமாவாசை வண்டியோடு நிற்கிறான். எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தான். "புள்ளைங்க எங்கண்ணே? பின்பெட்டில வராங்களா?" என்றான். "வரல. அவங்க அம்மாகிட்ட இருக்காங்க" என்றேன். வீடு வரும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. அது ஒரு அதிசயம்.

நீயும் இதைத்தான் கேட்டாய். கிளம்புகிற அன்று காலையில் "புள்ளைங்க இருக்கட்டும்" என்றதும், ஏன், என்ன ஆயிற்று என்று விமான நிலையம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாய். நான் பதில் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். எதையும் மறைக்கக் கூடாது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். எழுதிவிடுகிறேன்.

நீ பள்ளிக்கூடத்தில் மீட்டிங் என்று தங்கிவிட்டாயே, அந்த சாயங்காலம். பால் தீர்ந்துவிட்டது. கடை பக்கம்தானே என்று இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தேன். திரும்பும்போது வெயில் இருந்தது. ரோட்டோரப் புதரிலிருந்து ஒரு யானை வந்து நடுரோட்டில் நின்றது. கோயில் யானையைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறேன், எனக்கென்ன பயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது காதை விரித்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பியது. எனக்கு உடம்பில் ரத்தமே இல்லை. பால் கீழே விழுந்துவிட்டது. விக்கியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவதற்குத் திரும்பினேன்.

ரஞ்சனி என் கையை இறுக்கிப் பிடித்தாள். சத்தம் போடாமல் சொன்னாள், "அப்பா, ஓடாதீங்க. ஓடுனா தொரத்தும். என் கூடயே மெதுவா பின்னாடி வாங்க." பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களாம். அதைப் பார்த்தபடியே ஒவ்வொரு அடியாக என்னைப் பின்னால் நடத்திக்கொண்டு போய் ஒரு மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நிறுத்தினாள். விக்கி மூச்சு விடவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்கிறது. ஒன்றும் தெரியாதவன் நான் ஒருத்தன்தான். யானை தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு ரோட்டைக் கடந்து ஆற்றுப் பக்கம் போய்விட்டது. நான் ஓடியிருந்தால் இரண்டு பிள்ளைகளையும் நானே கொன்றிருப்பேன் சித்ரா.

அப்பன் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று உனக்கு எழுதியவன் நான். பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்று அழைக்க வந்தேன். பத்திரமாக இருக்க அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது. நீ கற்றுக்கொடுத்தாயோ, அந்த ஊர் கற்றுக்கொடுத்ததோ தெரியாது. மீதி காலத்தை உன்னோடு இருந்து முடிக்கட்டும். ஜெயங்கொண்டம் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, அதைப் பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் ராத்திரி தூக்கம் வருகிறது. போன வருஷம் முழுக்க வரவில்லை.

ஒன்றே ஒன்று. வீடு வந்து சேரும்வரை ரஞ்சனி என் கையை விடவே இல்லை. பிள்ளை உள்ளுக்குள் பயந்துபோயிருக்கிறது என்று நானும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். அப்பாவும் பயந்துவிட்டேன் என்று அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. தான் மட்டும்தான் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கப் போகிறாள். நீ சொல்லிவிடு.

கலைவாணன்


கசானே
29 ஜூன் 2025

மாமா,

நீங்கள் எழுதியதை நான்கு தடவை படித்தேன். பால் எங்கே என்று அன்று நான் கேட்டபோது "கடையில இல்ல" என்று சொன்னீர்களே, மூன்று பேரும் ஒரே மாதிரி தலையாட்டினீர்கள். அப்போதே எனக்குச் சந்தேகம். கோபப்பட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. உங்களைத் திட்டாமல் ஒரு கடிதம் எழுத முடிகிறது பாருங்கள்.

டிசம்பர் லீவுக்கு நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டேன்.

ரஞ்சனியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "அன்னிக்கு அப்பாவும் பயந்துட்டாராம், ஒங்கிட்ட சொல்லச் சொன்னாரு" என்றேன். அவள் வீட்டுப்பாடத்திலிருந்து நிமிரக்கூட இல்லை.

"தெரியும்மா," என்றாள். "அப்பா கை ஜில்லுன்னு இருந்துச்சு. அதான் வூடு வர்ற வரைக்கும் நான் விடவே இல்ல."

சித்ரா